வாடைக் காலமும் சனிக்கிழமைச் சம்பளமும்

"கடக்கரைக்காரங்களுக்குக் காசு கையில நிக்காது அம்மிணி. வர்றதை அன்னன்னைக்கே அழிச்சுப்போடுவாங்க." எங்கள் பெரியப்பா இதைச் சொல்லாத விசேஷ வீடு கிடையாது. திருப்பூருக்கு வேலைக்கு வந்திருக்கும் வெளியூர்க்காரர்களைப் பற்றிப் பேச்சு திரும்பினால் போதும், எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் கடற்கரையில் வந்து நிற்கும். அவர் மனசில் வஞ்சம் உள்ளவர் இல்லை. கொடுமுடிப் பக்கம் மஞ்சளும் கரும்பும் பண்ணயம் பார்த்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, யாரிடமும் கைமாற்று வாங்காமல் காலம் தள்ளியவர். அதனாலேயே அவர் வார்த்தையை எதிர்த்து யாரும் பேசுவதில்லை. எனக்கு அந்தப் பேச்சு ஒவ்வொரு முறையும் உறுத்தும். ஆனால் திருப்பிச் சொல்ல என் கையில் கணக்கு எதுவும் இருக்கவில்லை. பெரியப்பாவிடம் கணக்கில்லாமல் பேசி ஜெயிக்க முடியாது.

உறுத்தலுக்குக் காரணம், எங்கள் லைன் வீட்டில் அடுத்த போர்ஷனில் இருக்கும் அக்கா. ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிப் பக்கத்துக் கடற்கரை ஊர். நான் கணக்கு பார்க்கும் பனியன் கம்பெனியிலேயே அவர் செக்கிங்கில் இருக்கிறார், மூத்த பையன் பவர் டேபிளில் தைக்கிறான். வீட்டுக்காரரும் சின்னப் பையனும் ஊரில் தொழிலுக்குப் போகிறார்கள். தொழில் என்றால் அவர்கள் வாயில் கடல் தொழில் ஒன்றுதான். மற்றதெல்லாம் வேலை. இந்த அக்கா அளவுக்குப் பணத்தைத் தேதி பார்த்துச் செலவு செய்கிறவரை நான் எங்கள் சொந்தத்திலேயே பார்த்ததில்லை. அப்படியிருந்தும் ஊரில் கடன் இருக்கிறது, நகை அடகில் இருக்கிறது, வங்கிப் புத்தகத்தில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. பெரியப்பா வந்து பார்த்தால் "நான் சொன்னேன்ல" என்றுதான் சொல்வார். இந்த இரண்டும் எப்படி ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன என்பது எனக்குப் பிடிபட நாளாயிற்று.

காத்திருக்கும் பண்டமும் காத்திருக்காத பண்டமும்

நம் ஊரில் சிக்கனம் என்று நாம் மெச்சுவதெல்லாம் காத்திருக்கும் பொருளை வைத்து வந்தது. மஞ்சளை வேகவைத்துக் காயப்போட்டு குடோனில் ஏற்றிவிட்டால் இரண்டு மூன்று வருஷம் கூட வைத்திருக்கலாம். 2010இல் ஈரோட்டில் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியபோது ஆதாயம் பார்த்தவர்கள், விலை இல்லாத காலத்தில் விற்காமல் மூட்டையைப் பூட்டி வைத்தவர்கள்தான். அடுத்த இரண்டு வருஷத்தில் விலை 5,000க்கும் கீழே போனது. அப்போது பெரியப்பா மறுபடியும் பூட்டி வைத்தார். விற்பதா வேண்டாமா என்று யோசிக்க அவருக்கு மாதக்கணக்கில் நேரம் இருந்தது. மாடும் அப்படித்தான். இந்த வாரம் கருங்கல்பாளையம் சந்தையில் விலை படியவில்லை என்றால் ஓட்டிக்கொண்டு வந்து அடுத்த வாரம் போகலாம். நிலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நண்டும் நெத்திலியும் அப்படி நிற்காது. விடிகாலை படகு கரைக்கு வரும்போது ஏலக்காரர் நிற்பார், வியாபாரிகள் நிற்பார்கள். வெயில் ஏறுவதற்குள் சரக்கு கைமாறியாக வேண்டும். இன்று விலை சரியில்லை, நாளைக்கு விற்கிறேன் என்று சொல்லும் உரிமை பிடித்தவருக்குக் கிடையாது. ஐஸ் போட்டுத் தள்ளிப்போடலாம் என்றால், அந்த ஐஸும் பெட்டியும் வண்டியும் வைத்திருப்பவர் வியாபாரி. பாடு, அதாவது பிடிபடும் மீன், நன்றாக இருக்கும் நாளில் எல்லாப் படகுக்குமே பாடு நன்றாக இருக்கும், அன்று விலை விழும். மீன் இல்லாத நாளில் விலை உச்சத்தில் இருக்கும், விற்க மீன் இருக்காது. இந்தத் தொழிலில் குடோனில் பூட்டி வைக்கும் சாமர்த்தியத்துக்கு இடமே இல்லை. அப்படியென்றால் அந்த வீடுகளின் சாமர்த்தியம் வேறெங்கோ இருக்க வேண்டும்.

ஒன்று, பங்கு. எண்ணெய்ச் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் ஒரு பகுதி, ஏறிப் போனவர்களுக்கு ஒரு பகுதி. பாதிக்குப் பாதியா, வேறு கணக்கா என்பது ஊருக்கு ஊர், வலைக்கு வலை மாறும். கூலி என்ற பேச்சே இல்லை. நம் தோட்டத்தில் மஞ்சள் விலை பாதாளத்துக்குப் போனாலும் வெட்டுக்கூலியை அன்று சாயங்காலம் எண்ணி வைத்தாக வேண்டும். அங்கே பாடு இல்லையென்றால் படகுக்காரருக்கும் இல்லை, ஏறினவருக்கும் இல்லை. நஷ்டம் ஒரே தலையில் விழாமல் எல்லார் மேலும் கொஞ்சம் கொஞ்சமாக விழுகிறது. ஏழைகள் சேர்ந்து நடத்தும் ஒரு தொழில் இத்தனை தலைமுறை தாங்கி நிற்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, காலண்டர். பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று ஒரு ஏற்பாடு உண்டு. விசைப்படகுகள் கரையை ஒட்டிய கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று 1983ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அது மீறப்படுவதும், மடி என்கிற இழுவலையை இழுத்துப் போகும் படகில் சிக்கி நாட்டுப்படகுக்காரர்களின் வலை அறுந்து போவதும் பழைய சண்டை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் தடைக்காலம். 2001இல் 45 நாளாகத் தொடங்கி 2017 முதல் 61 நாள் ஆனது. தடைக்காலம் என்றதும் நாம் கடலே மூடிக் கிடப்பதாக நினைத்துக்கொள்கிறோம். விசைப்படகுக்குத்தான் அது வீட்டில் இருக்கும் காலம். வத்தை என்கிற சிறு படகும் சின்ன நாட்டுப்படகும் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் விளைச்சல் காலம். போட்டிக்குப் பெரிய படகு இல்லை, சந்தையில் மீன் குறைவு, விலை நிற்கும். அந்த வீடுகளுக்கு உண்மையில் கடல் அடைவது, அதாவது தொழிலுக்கு இறங்க முடியாமல் போவது, ஐப்பசி, கார்த்திகையில், வடக்கேயிருந்து வாடைக் காற்று ஏறும்போது.

நாற்பது பக்க நோட்டு

எனக்குக் கணக்கு பிடிபட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்காவின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. சங்கத்தில் கடன் கேட்டு மனு எழுதித் தரச் சொல்லி வந்தார். வரவு செலவு எழுதும் இடம் வந்தபோது, "இருங்க தங்கச்சி" என்று போய் ஒரு நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டை எடுத்து வந்தார். மூலை மடிந்து, அட்டை எண்ணெய் ஏறிப் போன நோட்டு. நடுவில் ஒரு அடகு ரசீது நான்காக மடித்துச் செருகியிருந்தது. நோட்டு முழுக்க ஒரே மாதிரி வரிகள்: மாதம், என்ன நகை, எத்தனை கிராம், எவ்வளவு வாங்கியது. கடைசியில் எதற்காக என்று ஒரே ஒரு சொல். திருப்பிய மாதம் சிவப்பு மையில். "செயின், ஐப்பசி, அரிசி." "தோடு, கார்த்திகை, அரிசி." "செயின், மார்கழி, ஆஸ்பத்திரி." முதல் பத்துப் பன்னிரண்டு பக்கம் இப்படியே போகிறது. அடகு வைத்ததெல்லாம் வாடையில், திருப்பியதெல்லாம் வைகாசியிலும் ஆனியிலும்.

அப்புறம் ஒரு பக்கத்தில் வரிகள் மாறுகின்றன. அரிசி என்ற சொல் மறைந்துபோகிறது. ஐப்பசி, கார்த்திகை வரிகளே இல்லை. தையில் "செயின், வலை". மாசியில் "தோடு, இஞ்சின்". அது எந்த வருஷம் என்று கேட்டேன். "நாங்க இங்க வந்த வருஷம்" என்றார்.

நான் அந்தப் பக்கத்திலேயே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிழைக்க வழியில்லாமல் கடலை விட்டு வந்த குடும்பம் என்றுதான் எங்கள் லைனில் எல்லாரும் அவர்களைப் பேசுவார்கள். நோட்டு வேறு கதை சொல்லிற்று. திருப்பூரில் போனஸ் தீபாவளிக்கு வரும். தீபாவளி ஐப்பசியில் வரும். கடல் அடையும் மாதத்தில், கடலோடு சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து மொத்தமாக ஒரு பணம் வீட்டுக்கு வருகிறது. மீதி வாரங்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளம். அதை வைத்து வாடைக் காலத்துச் சோற்றுச் செலவைச் சமாளித்துவிட்டு, நகையைத் தொழிலுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டார் இந்தப் பெண். சோற்றுக்கு அடகு போன செயின் வலைக்கு அடகு போகும் செயினாக மாறியிருந்தது. அவரிடம் இதைச் சொன்னபோது பெரிதாக ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. "பின்ன? கோயம்புத்தூர்ல மில்லுக்குக் கூப்பிட்டாங்க. மாசச் சம்பளம்னாங்க. அங்க எத்தனை நாள்ல ஊருக்குப் பணம் அனுப்ப முடியும்? இங்க சனிக்கிழமை கையில வந்துரும், ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயிரும்."

நிலம் வாங்கிப் போடச் சொல்லி லைனில் எல்லாரும் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள், நான் உட்பட. பல்லடம் ரோட்டில் மூன்று சென்ட் என்றால் நம் ஆட்களுக்கு அதுதான் வாழ்க்கை. அக்கா கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் வரவில்லை. "நண்டுக் காலம் தொடங்குறப்ப வலை கிழிஞ்சு கிடந்தா, மூணு சென்ட்ட எந்தக் கடையில கொண்டுபோய் வைக்கிறது? அதுவும் அன்னிக்கே." நண்டு வலை ரொம்ப நாள் உழைக்காது. நண்டைப் பிரித்து எடுக்கும்போதே கிழியும். கரையில் உட்கார்ந்து முள்ளும் காலும் சிக்கின வலையிலிருந்து நண்டைச் சேதமில்லாமல் கழற்றுவது பெரும்பாலும் பெண்கள் வேலை. கால் ஒடிந்தால் விலை போச்சு. வலை தாமதமானால் அந்த வாரம் போனது போனதுதான், திரும்ப வராது. பவுன் ஒரு மணி நேரத்தில் பணமாகும், திரும்பவும் நகையாகும். அவருக்கு அதுதான் குடோன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கொங்கு நாட்டில் நகை அடகு வைக்காத விவசாயி யார்? கூட்டுறவுச் சங்கத்தில் வரிசையில் நின்று நகைக்கடன் வாங்காத தோட்டம் இருக்கிறதா? 2021இல் ஐந்து பவுனுக்கு உட்பட்ட கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி என்று அறிவிப்பு வந்தபோது எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் சந்தோஷம்! நாம் வைத்தால் அது பயிர்க்கடன், பண்ணயச் செலவு. அவர்கள் வைத்தால் ஊதாரித்தனம். பெரியப்பாவின் பேச்சில் என்னை உறுத்தியது இந்த இரட்டை அளவுதான் என்று நோட்டைப் பார்த்த பிறகு தெளிவாயிற்று.

ஏலக்காரர் கடன்

கடனைப் பற்றியும் நாம் அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். அக்காவின் வீட்டுக்காரர் இஞ்சின் வாங்கியது ஏலக்காரரிடம் வாங்கிய முன்பணத்தில். அதற்குத் தவணை கிடையாது, கெடு கிடையாது. பிடிக்கும் சரக்கை அவர் வழியாகத்தான் விற்க வேண்டும், ஒவ்வொரு விற்பனையிலும் அவருக்குக் கமிஷன் போகும். அவரை விட்டு விலக வேண்டுமென்றால் இன்னொரு ஏலக்காரர் வந்து பழைய கணக்கை அடைத்துவிட்டு இழுத்துக்கொள்வார். இது கொடுமையான ஏற்பாடு என்று எளிதாகச் சொல்லிவிடலாம், கொடுமையும் இருக்கிறது. கடன்பட்டவன் விலையில் வாதாட முடியாது. எடையிலும் வாதாட முடியாது. கமிஷன் கொடுத்தே அசலுக்கு மேல் போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும்.

ஆனால் அக்கா வங்கிக்கும் போய்ப் பார்த்திருக்கிறார். எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை. படகுக்கும் வலைக்கும் கடன் தரலாம் என்றார்களாம், மாதத் தவணை அடுத்த மாதமே தொடங்கும் என்றார்களாம். "கடல்ல மாசா மாசம் ஒண்ணாந்தேதி மீன் வருமா தங்கச்சி?" என்று கேட்டார் என்னிடம். அங்கே கேட்டாரா என்று தெரியவில்லை, கேட்டிருக்க மாட்டார். வாடையில் மூன்று தவணை தவறினால் வாராக்கடன் பட்டியலில் பேர் ஏறும். ஏலக்காரர் அந்த மூன்று மாதமும் வாயே திறக்க மாட்டார், மேற்கொண்டு அரிசிக்கும் கொடுப்பார். பாடு இருந்தால் எடுத்துக்கொள், இல்லையென்றால் பொறுத்துக்கொள் என்பதுதான் கடல் தொழிலுக்குப் பொருந்தும் கடன். அந்தப் பொருத்தத்துக்கு ஏலக்காரர் அநியாய விலை வாங்குகிறார். வங்கி நியாயமான வட்டி கேட்கிறது, பொருத்தம் இல்லை. இரண்டில் ஏலக்காரரைத் தேர்ந்தெடுத்த அக்காவை விவரம் தெரியாதவர் என்று நான் சொல்ல மாட்டேன்.

பொருத்தமும் நியாயமும் சேர்ந்து வர முடியாதா என்றால், வந்திருக்கிறது. 1980இல் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு குமரிக் கரையிலும் கேரளக் கரையிலும் ஊர்ச் சங்கங்களை வைத்து இதைச் செய்து காட்டியது. உறுப்பினர் பிடித்த மீனைச் சங்கமே ஏலம் விடும். விற்ற பணத்தில் குறிப்பிட்ட ஒரு பங்கைக் கடனுக்கும், இன்னொரு சின்னப் பங்கைச் சேமிப்புக்கும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுக்கும். பாடு நல்ல நாளில் கடன் வேகமாகக் கரையும், பாடு இல்லாத நாளில் பிடித்தமும் இல்லை. ஏலக்காரர் கடனில் இருந்த நல்ல எலும்பை வைத்துக்கொண்டு விஷத்தை எடுத்துவிட்டார்கள். அரசின் சேமிப்பு நிவாரணத் திட்டமும் இந்த ஏற்ற இறக்கத்தை ஒத்துக்கொண்டதுதான். மீனவர் நல்ல மாதங்களில் 1,500 ரூபாய் கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500 ரூபாயாக வறட்சி மாதங்களில் கொடுக்கிறார்கள். மீனவப் பெண்களுக்கும் இதே மாதிரித் திட்டம் உண்டு. தொகை சிறிது, யோசனை சரி. 2018-19 பட்ஜெட்டில் விவசாயிகளுக்கான கிசான் கடன் அட்டையை மீனவர்களுக்கும் விரித்தார்கள். அந்தக் கடனை வாடையில் திருப்பிக் கேட்காமல் வைகாசியில் கேட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நம் பயிர்க்கடனுக்கு அறுவடை பார்த்துத்தானே கெடு வைக்கிறார்கள்?

நம் தட்டும் அவர்கள் நோட்டும்

கொங்கு நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தென்னம்பாளையத்திலும் உக்கடத்திலும் ஈரோட்டு ஸ்டோனி பாலத்திலும் நாம் எடை போட்டு வாங்கும் கடல் மீன் ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் கரைகளில் ஏலம் போய், ஐஸ் பெட்டியில் ராத்திரியோடு ராத்திரியாக வந்தது. நடுவில் எத்தனை கை மாறியது என்பது நமக்குத் தெரியாது, நாம் கொடுக்கும் விலைதான் தெரியும். புரட்டாசியில் நம் வீடுகளில் கவுச்சி கிடையாது. அந்த மாதம் சந்தையில் விலை இறங்குகிறது என்று நாம் செய்தியில் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். புரட்டாசி முடிந்தால் ஐப்பசி, கடல் அடைகிற மாதம். கடல் அடைவதற்கு முன்னால் நாலு காசு சேர்க்க வேண்டிய கடைசி மாதத்தில் விலையும் இல்லை என்றால், நோட்டில் செயின் எப்போது ஏறும் என்று கணக்குப் போடுவது கஷ்டமில்லை. விரதம் இருக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் இருக்கிறோம். அந்த மாதத்தில் கருவாடு போட்டு வைத்து மார்கழியில் விற்கும் பெண்களைப் பற்றி அக்கா சொன்னார். விற்காத மீனைக் காத்திருக்க வைக்க அவர்களிடம் இருக்கும் ஒரே வழி உப்பும் வெயிலும்தான். வாடையில் வெயிலும் நம்பிக்கை இல்லை.

பொம்பளைகளின் வேலைக்குச் சம்பளக் கணக்கு எங்கேயும் இல்லை. வலை பிரிப்பது, கருவாடு, கூடை சுமந்து விற்பது, அடகுக்கடைக்கு நடப்பது, சங்கத்துக்கு மனு எழுதுவது எல்லாம் அவர்கள் தலையில். பாம்பனுக்குத் தெற்கே சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் தாங்களே கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். அந்த ஊர் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் விருது கிடைத்தது. தங்கள் பாசி வளம் அழியாமல் இருக்க எத்தனை நாள் எடுப்பது, எப்போது நிறுத்துவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்ட பெண்கள் அவர்கள். அன்றன்றைக்கே அழிக்கிறவர்கள் இப்படிக் கட்டுப்பாடு போட மாட்டார்கள்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் ஒரு சீர் வீட்டில் சொன்னேன். நோட்டைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குறுக்கே பேசாமல் கேட்டார். "எத்தனை வட்டிக்கு வைக்கிறாங்க?" என்றார். தனியார் கடை வட்டியைச் சொன்னேன். "அது சாஸ்தி. சொசைட்டில வெக்கச் சொல்லு" என்றார். ஊரில் சொசைட்டியில் நகை மதிப்புப் போட ஆள் வரும் நாளும் வலை வாங்க வேண்டிய நாளும் ஒன்றாக வருவதில்லை என்று அக்கா ஏற்கெனவே எனக்குச் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். பெரியப்பா தலையை ஆட்டிக்கொண்டு, வேறு வழி என்ன என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு நகைக் கணக்கு என்றால் ஆர்வம் வந்துவிடும்.

என் பங்குக்கு நான் செய்தது ஒன்றே ஒன்று. அக்காவின் பெரிய பையன் வருஷா வருஷம் சித்திரையில் ஊருக்குப் போய் அப்பாவோடு கடலில் இறங்குகிறான், ஆனியில் திரும்பி வருகிறான். விலை நிற்கும் இரண்டு மாதத்துக்கு வெளியாளை ஏற்றாமல் வீட்டுப் பங்கு வீட்டிலேயே இருக்கட்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. எங்கள் வருகைப் பதிவேட்டில் அது நீண்ட ஆப்சென்ட். சொல்லாமல் ஓடுகிற பையன், பொறுப்பில்லை என்று போன வருஷம் புது ஆளாகச் சேர்த்து, பீஸ் ரேட்டைக் குறைத்துவிட்டார்கள். இந்த வருஷம் அவன் கிளம்புவதற்கு முன்பே சூப்பர்வைசரிடம் போய் உட்கார்ந்து விளக்கினேன். ஆர்டர் அவசரம் அவருக்கும் உண்டு. கடைசியில், ஜூன் இருபதுக்குள் வந்துவிட்டால் அதே டேபிள், அதே ரேட் என்று ஒத்துக்கொண்டார். தையில் வலைக்கு வைத்த செயினை அதற்குள் திருப்பிவிட முடியும் என்கிறார் அக்கா.